கொல்லா வேட்டை

வேட்டை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் வில்லும் வேலும் துப்பாக்கியும் மனக்கண்முன் தோன்றும், குருதியும் தோன்றும். ஆனால், கையில் கருவி ஒன்றும் இன்றி, எதையும் கொல்லாமலும் எதையும் கொண்டுவராமலும், காண்பதையே பயனாகக் கொண்டு மேற்கொள்ளும் வேட்டையும் ஒன்று உண்டு. பறவைகளைத் தேடிச் சென்று காண்போரை நாடு நன்கு அறியும். அவர்களுக்கு மதிப்பும் உண்டு. பாம்பையும் பல்லியையும் ஓணானையும் உடும்பையும் தேடிச் சென்று கண்டு மீள்வோரை அறிந்தவர் சிலரே. அறிந்தவரும் அவர்களை ஐயத்தோடே நோக்குவர். “வழியில் கண்டாலே விலகிப் போக வேண்டிய ஒன்றை வலியத் தேடிப் போவது என்ன அறிவு?” என்பர். அக்கேள்வி தவறானதன்று, விடை கூறத் தக்கதே ஆகும்.

திருப்பூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் உழைப்புக்குப் பெயர் பெற்றவை. பஞ்சு நூலாகி, நூல் பின்னல் துணியாகி, சாயம் ஏறி, வெட்டுண்டு, தைக்கப்பட்டு, பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கடல் கடந்து செல்லும் வரையில் ஓயாத வேலை அங்கே நடைபெறுகின்றது. தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற தொலைவான மாநிலங்களிலிருந்தும் பிழைப்பை நாடி வந்தோர் அங்கே பல்லாயிரவர். ஆறு நாளும் வேலை; சனிக்கிழமை கூலி; ஞாயிறு ஓய்வு. அவ்வோய்வு சந்தைக்கும் திரைப்படத்துக்கும் கைப்பேசிக்கும் உறக்கத்துக்கும் பங்கிடப்படுகின்றது. உழைத்துக் களைத்தவர் உறங்குவதைக் குறை கூறுவார் யார்? எனினும், இளைஞர்க்கும் பள்ளி மாணவர்க்கும், காசு செலவில்லாததும் கண்ணுக்கும் கருத்துக்கும் வேலை கொடுப்பதும் ஆகிய ஒரு பொழுதுபோக்கு நகரத்தின் எல்லையிலேயே காத்திருக்கின்றது.

அது காத்திருக்கும் இடத்திற்குக் கொரங்காடு என்று பெயர். திருப்பூரிலிருந்து கிழக்கே காங்கேயத்துக்கும், அங்கிருந்து தெற்கே தாராபுரத்துக்கும் செல்லும் சாலைகளின் இருபுறமும் அதனைக் காணலாம். மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் கிடப்பது அந்நிலம். மழை குறைவு, காற்று மிகுதி. உழுது பயிரிட இயலாத மண்ணை அவ்வூர் உழவர்கள் பாழாக விட்டுவிடவில்லை. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் கிளுவை நட்டு உயிர்வேலி வளர்த்தனர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் பல வகைச் சிறு செடிகளும் வளரும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தரும். காங்கேயம் மாடுகள் வலிமை பெற்றது அப்புல்லினால்தான். பகலில் சாலை வழியே விரைந்து செல்வோர் கண்ணுக்கு அது வெறும் முட்காடாகத் தோன்றும். மாட்டுக்காக வளர்த்த வேலி, மாட்டுக்குத் தொடர்பில்லாத எத்தனையோ உயிர்களுக்கு வீடாக இருப்பதை நின்று பார்த்தவரே அறிவர்.

வேனிற்காலத்தின் தொடக்கத்தில், காலை வெயில் ஏறிய பின்பு, அவ்வேலி ஓரமாக மெல்ல நடந்து செல்பவர் ஒரு சாண் நீளமுள்ள சிறிய ஓணான் ஒன்று கல்லின்மேல் ஏறி நிற்பதைக் காணக்கூடும். அதன் நிறம் மண்ணின் நிறமே. அசையாமல் இருக்கும் வரையில் அதற்கும் கல்லுக்கும் வேறுபாடு தெரியாது. திடீரென்று அதன் கழுத்தின்கீழ் உள்ள தோல் விரியும், மடங்கும், மீண்டும் விரியும். பனையோலை விசிறியை யாரோ விரித்து மடக்குவது போன்ற காட்சி அது. ஆண் ஓணான் பெண்ணை அழைப்பதும் பிற ஆண்களை விரட்டுவதும் அந்த விசிறியினாலேயே. அச்சம் தோன்றினால் பின்னங்கால் இரண்டினாலேயே எழுந்து ஓடும். அதன் பின்னங்காலில் விரல் ஐந்தன்று, நான்கே.

இச்சிற்றுயிரின் வரலாறு சுவையானது. பிரெஞ்சு அறிஞராகிய குவியர் 1829-ஆம் ஆண்டில் இவ்வகை ஓணானுக்கு அறிவியற் பெயர் இட்டபொழுது, புதுச்சேரியின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதன்பின் நெடுங்காலம், தென்னாட்டில் கண்ட விசிறித்தொண்டை ஓணான் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே என்று எண்ணப்பட்டு வந்தது. ஆராய்ச்சியாளர் பல ஊர்களுக்கும் சென்று, ஒவ்வோர் ஊரின் ஓணானையும் உற்று நோக்கி, ஒப்பிட்டுப் பார்த்தபொழுது, ஒன்று எனக் கருதியது பல என்பது புலனாயிற்று. 2016-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட புதிய இனங்களுள் ஒன்று தமிழ்நாட்டைச் சார்ந்தது. அதற்கு அவர்கள் இட்ட அறிவியற் பெயரில் ‘விசிரி’ என்னும் சொல் நிற்கின்றது. நம் ‘விசிறி’தான் அது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக மக்கள் நடமாடும் மணலிலும் வரப்பிலும் ஓடிக்கொண்டிருந்த உயிர், பெயர் பெறாமலே இருந்தது. தேடுவோர் குறைவாக இருந்தமையே அதற்குக் காரணம். உயிர் அரிதாக இருந்தமை அன்று.

இனி, தேடுதல் என்பது யாது? கோலால் புதரைக் கலைப்பதும் புற்றைத் தோண்டுவதும் தேடுதல் அல்ல. அது பெரும்பாலும் கண்ணின் வேலை. பனியன் கம்பெனிகளில் தைத்து முடிந்த ஆடைகளை மேசையில் விரித்துச் சோதிக்கும் வேலை ஒன்று உண்டு. ‘செக்கிங்’ என்பது ஊர் வழக்கு. அவ்வேலையில் பழகிய பெண்கள், விரைந்து புரளும் துணியில் விட்டுப்போன ஒரு தையலையும், நூலறுந்த ஒரு சிறு பொத்தலையும், ஊசி முனையளவு எண்ணெய்க் கறையையும் நொடியில் கண்டுவிடுவர். அவர்கள் ஒவ்வோர் இழையையும் எண்ணுவதில்லை. ஒழுங்கு எங்கே பிறழ்கின்றதோ அங்கே அவர்கள் கண் தானே நிற்கும். சருகுக் குவியலில் சுருண்டு கிடக்கும் சுருட்டை விரியனைக் காண்பதும் அவ்வாறே. பாம்பைத் தேடுகின்றவன் பாம்பைக் காண்பதில்லை. சருகின் ஒழுங்கில் ஒரு பிறழ்ச்சியைக் காண்கின்றான். பிறகே அது பாம்பு எனத் தெரிகின்றது. திருப்பூர் மக்கள் இக்கலையில் பாதியைத் தம் தொழிலிலேயே கற்றுவிட்டனர் என்று கூறினால் அது மிகையாகாது.

எஞ்சிய பாதி, பொறுமையும் எச்சரிக்கையும் ஆகும். தேடச் செல்வோர் தனியே செல்வதில்லை. இருவர் மூவராகச் செல்வர். கணுக்கால் மறையும் காலணி அணிவர். கொரங்காடு பிறர் நிலம் ஆதலின், உரியவரிடம் கேட்டுக்கொண்டே படலைத் திறப்பர். மாடு மேய்க்கும் பெரியவர்களிடம் கேட்டறிவதில் அவர்களுக்கு நாணம் இல்லை. எந்த வேலியில் உடும்பு நுழையும், எந்தப் பாறையிடுக்கில் விரியன் கிடக்கும் என்பது பெரியவர்களுக்கே நன்கு தெரியும். கண்ணால் பார்க்காத இடத்தில் கையை வைக்கலாகாது என்பது முதல் விதி. கல்லைப் புரட்ட நேர்ந்தால், அப்புறம் நின்று தம் பக்கமாகத் தூக்குவர். அவ்வாறு தூக்கினால், கல்லின்கீழ் இருப்பதற்கும் தூக்குபவருக்கும் இடையே கல்லே கேடயமாக நிற்கும். பார்த்து முடிந்தபின், இருந்த இடத்திலேயே, இருந்தவாறே கல்லை வைப்பர். இஃது அற்பச் செயல் போலத் தோன்றும். ஆனால், அக்கல்லின்கீழ் உள்ள ஈரமும் குளிர்ச்சியும், பல்லியின் முட்டை பொரிப்பதற்கு வேண்டியவை. கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுச் செல்பவன், ஒன்றையும் கொல்லவில்லை என்று எண்ணிக்கொண்டே ஒரு குடும்பத்தைக் கொன்றவன் ஆகின்றான்.

எல்லா நாளும் பாம்பு தென்படாது. பல நாள் ஒன்றுமே தென்படாது. அந்நாட்களில் தடயங்களே துணை. புழுதியில் வளைந்து சென்ற கோடு, வேலி முள்ளில் சிக்கிக் கிடக்கும் உரித்த சட்டை, உடும்பு வாலை இழுத்துச் சென்ற சுவடு ஆகியவற்றைப் படிக்கப் பழகியவனுக்கு வெறும் நிலம் என்று ஒன்று இல்லை. சட்டையில் செதில்களின் அமைப்பு அப்படியே பதிந்திருக்கும். அதனைக்கொண்டு அது சாரையா நாகமா எனத் தெளிவதும் உண்டு. கிளுவைக் கிளையில் பச்சோந்தி ஒன்று, ஒரு கண்ணால் முன்னும் மற்றொரு கண்ணால் பின்னும் நோக்கிக்கொண்டு, நிற்கின்றதா நடக்கின்றதா எனத் தெரியாமல் நகர்ந்து செல்வதைக் கண்ட சிறுவனுக்கு, அன்று பாம்பு கிடைக்கவில்லையே என்னும் குறை தோன்றாது.

பாம்பைத் தேடிய பண்டையோர் இவ்வாறு தேடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த பாட்ரிக் ரசல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், சோழமண்டலக் கரையில் தொகுத்த பாம்புகளைப் பற்றி வண்ணப் படங்களோடு கூடிய பெருநூல் ஒன்றை 1796-இல் இலண்டனில் வெளியிட்டார். எது நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்பதை மக்கள் பிரித்தறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்காகக் கோழிகளையும் நாய்களையும் பாம்புகளால் கடிக்கச் செய்து சோதித்தார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அவர் பெயர் நிலைத்திருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் காடுகளின் தலைவராக இருந்த பெட்டோம் என்னும் படைத்துறை அலுவலர், ஆனைமலை முதலிய மலைகளில் அலைந்து, மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, வால் நுனியில் கேடயம் போன்ற தகடு கொண்ட சிறு பாம்புகள் பலவற்றை உலகுக்கு அறிவித்தார். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே நீல நிறமாய்த் தெரியும் மலைகள் அவையே. அவர்கள் காலத்தில் காண்பதென்றால் பிடிப்பது. அறிவதென்றால் சாராயப் புட்டியில் இடுவது. அவர்கள் அறிவுக்கு இக்காலத்தார் கடன்பட்டவர்களே. எனினும், பெயரிடப்பட்ட பாம்பை நூறாவது முறையும் புட்டியில் அடைக்க வேண்டிய தேவை இக்காலத்தில் பொழுதுபோக்குவோர்க்கு இல்லை.

பிடிப்பதில் வல்லவர் தமிழ்நாட்டில் வேறு உளர். இருளர் குலத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் சுவடு கண்டு பின்தொடரும் கலையில் தேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனை ஒட்டி வந்த தடைகளும் தோல் வாணிகத்தை நிறுத்தியபொழுது, அவர்கள் பிழைப்பும் நின்றது. பாம்புகளின்மேல் இளமையில் கொண்ட பற்றையே வாழ்க்கைத் தொழிலாக ஆக்கிக்கொண்ட ராமுலஸ் விட்டேகர் முதலியோர் துணை நிற்க, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் இன்றும் அச்சங்கத்தார், அரசின் உரிமம் பெற்று, பாம்புகளைப் பிடித்துச் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, மீண்டும் நிலத்தில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகின்றது. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடித் தந்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்களுக்குப் புகழ் தந்தது கையின் துணிவு என்று பலர் எண்ணுகின்றனர். பிறர் கண்ணுக்குப் புலப்படாத சுவட்டைப் புல்லிலும் மணலிலும் படித்த கண்ணுக்கே அப்புகழில் பெரும்பங்கு உரியது.

இதனை மறந்தமையால் விளையும் கேடு ஒன்று இக்காலத்தில் வளர்ந்து வருகின்றது. நாகத்தின் வாலைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுத்துக் கைப்பேசியில் பரப்புவதை வீரம் என இளைஞர் சிலர் கருதுகின்றனர். பார்ப்போர் கைதட்டுகின்றனர். பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர் எனப் பெயர் பெற்றோரே நாகம் தீண்டி மாண்ட செய்திகள் நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. அச்செய்தியின் கீழே, மாண்டவரின் மனைவி மக்கள் அழும் படமும் வருகின்றது. ஒப்புதல் இன்றிப் பாம்பைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம் என்பதையும் இவர்கள் அறிந்தாரில்லை. வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டால் அழைக்க வேண்டியது தீயணைப்பு நிலையத்தாரையும் வனத்துறையினரையுமே. அது பணி, பொழுதுபோக்கு அன்று. பாம்பைக் காண்பதில் இன்பம் கொள்பவன், பாம்பும் தானுமாக நின்று படம் எடுத்துக்கொள்வதில் இன்பம் கொள்பவன் ஆகிய இருவரும் ஒருவரல்லர். பின்னவன் காண்பது தன்னையே.

மற்றொரு கேடு பணத்தாசையால் வருவது. செம்மண் நிலங்களில் வாழும் மண்ணுளிப் பாம்பு மிகச் சாதுவானது, நஞ்சற்றது. அதன் வால் மழுங்கித் தலை போலத் தோன்றும். அதனால் இருதலைப் பாம்பு என்று அதனைக் கூறுவர். அதற்கு அரிய மருந்துக் குணமும் செல்வம் சேர்க்கும் ஆற்றலும் உண்டு என்று கதை கட்டி, இலட்சக்கணக்கில் விலை பேசும் மோசக்காரர் உளர். வாங்குவோர் ஏமாறுவர், விற்போர் சிறை செல்வர், இரண்டுக்கும் இடையில் சாவது ஒன்றும் அறியாத அப்பாம்பு. ஆதலின், தேடுவோர் தாம் கண்ட இடத்தை ஊரறியப் பறைசாற்றுவது நன்றன்று. குறித்து வைக்கலாம், ஆசிரியர்க்கும் ஆராய்வோர்க்கும் கூறலாம், படத்தோடு இடத்தையும் பலர் அறியப் பரப்பலாகாது.

தேடுதலினால் பொய்கள் உதிர்கின்றன. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, கடிபட்டவன் உடல் எரியும் புகையை மரத்தின்மேல் இருந்து பார்க்கும் என்பது நாட்டு நம்பிக்கை. அது நஞ்சற்ற பாம்பு. பல்லியும் தவளையும் தின்று மரத்தில் வாழ்வது. மனிதனைக் கண்டால் கிளைக்குக் கிளை தாவி மறைவது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பர். மண்ணுளி நக்கினால் குட்டம் வரும் என்பர். நாகத்துக்குச் சாரை இணை என்பர். அரணை கடித்தால் மரணம் என்பர். சாரை வேறு இனம். அதிலேயே ஆணும் பெண்ணும் உண்டு. அரணைக்கு நஞ்சே இல்லை. இப்பொய்களால் நாள்தோறும் அடிபட்டுச் சாகும் உயிர்களுக்குக் கணக்கில்லை. பல்லடத்தைச் சூழ்ந்த கோழிப்பண்ணைகளில் சிந்தும் தீவனத்துக்கு எலி வரும். எலிக்குச் சாரை வரும். சாரையை அடித்துவிட்டு எலிக்கு நஞ்சு வைப்பவர், தம் வேலையாளைத் துரத்திவிட்டுக் கூலிக்கு ஆள் தேடுபவரை ஒப்பர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். பாம்புகள் பெரும்பாலும் தீங்கற்றவை என்று சொல்லிக்கொண்டே, அவற்றால் விளையும் சாவை மறைப்பது நேர்மையன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அஃதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், என்று 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. தமிழ்நாட்டு அரசு 2024-இல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது. இந்நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் இருப்பினும், சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமானவை நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கே. அந்நான்கையும் ஐயமின்றி அறிந்தவர் ஓர் ஊரில் பத்துப் பேர் இருந்தால், அவ்வூரில் தீங்கற்ற பாம்புகளும் பிழைக்கும், மக்களும் பிழைப்பர்.

பனியன் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். ஓர் அறையில் நால்வர் ஐவர் தரையில் பாய் விரித்து உறங்குவர். பின்புறம் புதர்க்காடு, அருகே குப்பை, குப்பையில் எலி. கட்டு விரியன் இரவில் இரை தேடும் பாம்பு. உறங்குபவரை அது கடித்தால், பல சமயம் வலியும் வீக்கமும் தோன்றுவதில்லை. பூச்சி கடித்தது என்று எண்ணி மீண்டும் உறங்கியவர் விடியலில் கண் திறக்க இயலாமல் கிடப்பார். கடித்தது கட்டு விரியனாக இருக்கக்கூடும் என்று அறிந்த ஒருவர் அவ்வறையில் இருந்தால், கயிறு கட்டாமலும் கீறிவிடாமலும் மந்திரிக்கச் செல்லாமலும், அடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார். மருந்து அங்கே உண்டு. காலம் கடந்த பின் அதன் ஆற்றல் குறையும். பாம்பைத் தேடிப் போவது என்ன அறிவு என்று கேட்டவர்க்கு முதல் விடை இதுவே: தேடிப் போய்க் கண்டவன், தேடாமலே வந்துவிட்ட நாளில் மயங்க மாட்டான்.

இரண்டாம் விடை நிலத்தைப் பற்றியது. கொரங்காடு சுருங்கி வருகின்றது. மனைப்பிரிவுகளுக்கும் காற்றாலைகளுக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் நிலம் வேண்டப்படுகின்றது. கிளுவை வேலி இருந்த இடத்தில் கல் நட்டுக் கம்பி கட்டுகின்றனர். கம்பி வேலிக்குச் செலவு ஒருமுறை. கிளுவைக்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும். ஆதலின், உழவரைக் குறை கூறுவதிற் பயனில்லை. ஆனால், கம்பியில் பச்சோந்தி வாழாது; அதன் அடியில் சருகு சேராது; சருகு இல்லாத இடத்தில் அரணை இல்லை. இழப்பு எவ்வளவு என்று கேட்டால் விடை கூற, இருந்தது எவ்வளவு என்ற கணக்கு வேண்டும்.

நொய்யல் ஆறு இதற்குச் சான்று. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் அவ்வாற்றில் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையில் அந்நீர் தேங்கிப் பயிரையும் கிணற்றையும் கெடுத்தது. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு பட்டறைகள் பின்னர் இயங்கலாயின. கெட்ட கிணறுகளுக்குக் கணக்கு எழுதப்பட்டது. காய்ந்த தென்னைகளுக்கும் எழுதப்பட்டது. கரையோரத்துத் தண்ணீர்ப் பாம்புகளுக்கும் ஆமைகளுக்கும் அத்தகைய கணக்கு எழுதுவார் யார்? சாயம் கலப்பதற்கு முன்பு, ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் தாம் ஞாயிறுதோறும் கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால், இன்று அந்தக் குறிப்பேடு எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிட அரியதாக இருந்திருக்கும்!

மாவட்டத்தில் நம்பிக்கை தரும் இடங்களும் இல்லாமல் இல்லை. திருப்பூருக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024-இல் உலக மதிப்புப் பெற்ற ராம்சர் ஈரநிலங்களின் வரிசையில் சேர்ந்தது. பல ஆண்டுகள் பறவைகளைக் கண்டு கண்டு எழுதி வைத்தவர்களின் குறிப்புகள் இன்றி அது நடந்திராது. அவிநாசியில் முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் மீட்டார் என்னும் வரலாற்றைக் கொங்குநாட்டுக் குழந்தைகள் யாவரும் அறிவர். மாவட்டத்தின் தென்கோடியில் அமராவதி அணையின் நீர்த்தேக்கத்தில் இன்றும் முதலைகள் வாழ்கின்றன என்பதையும், அமராவதி நகரில் வனத்துறையின் முதலைப் பண்ணை உண்டு என்பதையும் அறிந்த குழந்தைகள் அவ்வளவு பேர் இல்லை. அப்பண்ணையைச் சென்று காணலாம். அதற்கு அப்பாற்பட்ட காடு ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஒப்புதல் இன்றி அங்கே நுழைதல் ஆகாது. நுழைய வேண்டிய தேவையும் இல்லை. தொலைவிலுள்ள காட்டைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு முறை செல்பவனைவிட, வீட்டுக்கு அருகில் உள்ள ஒரே வேலியை ஆண்டு முழுவதும் பார்ப்பவனே மிகுதியாக அறிகின்றான்.

எனவே, காங்கேயம், தாராபுரம், பல்லடம், ஊத்துக்குளி வட்டங்களில் உள்ள ஒவ்வொரு பள்ளியும் தனக்கு அருகிலுள்ள ஒரு வேலியைத் தேர்ந்துகொள்ளலாம். ஆசிரியர் ஒருவர் முன் செல்ல, மாணவர்கள் சாலையோரமாகவே நின்று பார்க்கலாம்; கையால் எதையும் தொட வேண்டா. செலவு, ஒரு குறிப்பேட்டின் விலை. அதில் எழுத வேண்டியவை நாள், நேரம், இடம், கண்டது என்னும் நான்கே. ஒன்றும் காணாத நாளில் ‘ஒன்றும் காணவில்லை’ என்று எழுத வேண்டும், அதுவும் கணக்கே. சாலையில் வண்டி ஏறி இறந்து கிடந்ததையும் எழுத வேண்டும். கண்டதன் பெயர் தெரியாவிட்டால், அதன் நிறத்தையும் நீளத்தையும் குறித்து, ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கலாம்.